புண்ணாக்கில் இருக்கும் மணிச்சத்து வேருக்கு எப்படிப் போகிறது?

சென்னையில் மாடித்தோட்டம் போட்டவர்கள் பேசுவதைக் கேட்டால், தழைச்சத்துதான் (நைட்ரஜன்) முதலில் வரும். இலை வெளுத்தால் தழைச்சத்து, செடி சோர்ந்தால் தழைச்சத்து. மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், நினைப்பு வருவது பூவும் பிஞ்சும் பிடிக்காதபோதுதான். "கடலைப் புண்ணாக்கு ஊறவெச்சு ஊத்தறேன், எலும்புத் தூளும் போட்டாச்சு, இன்னும் என்னங்க குறைச்சல்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. உரக் கணக்குப்படி கடலைப் புண்ணாக்கில் சுமார் 1.5 சதவீதமும் எள்ளுப் புண்ணாக்கில் சுமார் 2 சதவீதமும் மணிச்சத்து உண்டு. எலும்புத் தூளில் அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் இதில் பெரும்பகுதியை வேரால் அப்படியே உறிஞ்ச முடியாது. நடுவே மண்ணில் ஒரு வேலை நடந்தாக வேண்டும். அதைச் செய்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவற்றின் கருவி, நொதி.

முதலில், வேருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஒரு பாஸ்பரஸ் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள், கூடவே ஒன்றோ இரண்டோ ஹைட்ரஜன். நீரில் கரைந்த இந்தச் சின்ன அயனிக்கு ஆர்த்தோபாஸ்பேட் என்று பெயர். செடி மணிச்சத்தை எடுத்துக்கொள்வது அநேகமாக இந்த வடிவத்தில் மட்டும்தான். மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் அளவோ மிகச் சொற்பம். பெரும்பாலான மண்களில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. நைட்ரேட் மாதிரி தண்ணீரோடு சேர்ந்து வேரைத் தேடி வருவதும் இல்லை. களிமண் துகள், இரும்புத் துகள், சுண்ணாம்பு என்று எது எதிர்ப்பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்தால், அந்த வளையம் காலியாகவே கிடக்கும்.

ஆனால் அதே மண்ணை மொத்தமாகக் கரைத்து அளந்தால் பாஸ்பரஸ் ஏராளமாக இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கரிமப் பொருளுக்குள், அதாவது ஒருகாலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்றின் மிச்சத்துக்குள், பிணைந்து கிடப்பது வழக்கம். மண்வள அட்டையில் நாம் பார்க்கும் மணிச்சத்து அளவில் இந்தப் பங்கு சேராது. அந்தப் பரிசோதனை, செடிக்கு உடனே கிடைக்கக்கூடிய பாஸ்பேட்டைத்தான் அளக்கிறது. அட்டையில் "குறைவு" என்று வந்தால் மண்ணில் சத்தே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். இருப்பைப் பார்க்காமல் கையிருப்பை மட்டும் பார்த்து உரக்கடைக்கு ஓடுகிறோம்.

கரிமப் பொருளுக்குள் பாஸ்பரஸ் எந்தெந்த உருவில் இருக்கிறது? ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றியுள்ள சவ்வு, பாஸ்பேட் கொண்ட கொழுப்பான பாஸ்போலிப்பிடால் ஆனது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் முதுகெலும்பிலும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும். சருகு, சாணம், செத்த புழு, செத்த பாக்டீரியா எல்லாவற்றிலும் இவை உண்டு. மண்ணில் இவை ஓரளவு சீக்கிரமே சிதைந்துவிடும்.

மூன்றாவது வகையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஃபைட்டேட் என்று பெயர். விதைக்குள் செடி தன் குஞ்சுக்காகச் சேர்த்துவைக்கும் பாஸ்பரஸ் சேமிப்பு இது. இனோசிட்டால் என்ற ஆறு கார்பன் வளையம். ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பாஸ்பேட், ஆக மொத்தம் ஆறு. தானியத்திலும் பருப்பிலும் எண்ணெய் வித்திலும் உள்ள பாஸ்பரஸில் 60 முதல் 80 சதவீதம் வரை இந்த வடிவில்தான் இருக்கிறது. அரிசியில் இது பெரும்பாலும் தவிட்டுப் பகுதியில் இருக்கும். தவிடு, புண்ணாக்கு, பருப்புத் தோல் என்று நாம் தொட்டியில் போடுவதெல்லாம் விதையின் பாகங்கள். ஆகவே புண்ணாக்கு மணிச்சத்து என்று நாம் சொல்வது பெருமளவு ஃபைட்டேட் மணிச்சத்துதான்.

ஃபைட்டேட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஆறு பாஸ்பேட்டுகளிலும் எதிர்மின் சுமை இருப்பதால், இரும்பு, அலுமினியம், கால்சியம் எதைக் கண்டாலும் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். சாதாரண பாஸ்பேட்டைவிடவும் இறுக்கமாக. பல மண்களில் கரிமப் பாஸ்பரஸின் பெரிய பங்காக ஃபைட்டேட் வகைகளே சேர்ந்துகிடப்பதற்கு இதுவே காரணம்.

இனி அந்தப் பிணைப்பைப் பற்றி. கார்பன் சேர்மத்தோடு பாஸ்பேட்டை இணைப்பது ஓர் ஆக்சிஜன் பாலம். வேதியியலில் எஸ்டர் பிணைப்பு என்பார்கள். ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதில் புகுந்தால் பாலம் அறுந்து பாஸ்பேட் தனியாகிவிடும். தண்ணீர்தான் மண்ணில் எப்போதும் இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டனும் அவருடைய சகாக்களும் இதை அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். நொதியின் துணை இல்லாமல், அறை வெப்பநிலையில் உள்ள நீரில், இத்தகைய பிணைப்புகளில் பாதி அறுந்து முடிய ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்! அதே வேலையை ஒரு பாஸ்படேஸ் நொதி ஒரு நொடிக்குள் பலமுறை செய்துவிடும். எனக்குத் தெரிந்த அறிவியல் செய்திகளில் இந்த அளவுக்கு நின்று யோசிக்க வைத்தவை குறைவு. இந்த நொதிகள் இல்லாத உலகில் ஒருமுறை உயிருக்குள் போன பாஸ்பரஸ் திரும்பவே திரும்பாது.

நொதி எப்படி இதைச் சாதிக்கிறது? அது ஒரு புரதம். அதன் மேற்பரப்பில் ஒரு குழிவு. குழிவுக்குள் பெரும்பாலும் ஓரிரு உலோக அயனிகள். சில வகைகளுக்குத் துத்தநாகமும் மெக்னீசியமும், மண் பாக்டீரியாக்களிடம் பரவலாக உள்ள வேறு சிலவற்றுக்குக் கால்சியமும் இரும்பும். பாஸ்பேட் முனை குழிவுக்குள் வந்து சரியாக உட்கார்ந்ததும், உலோகம் அதைப் பிடித்து நிறுத்தி, பிணைப்பைத் தளர்த்தி, தண்ணீர் நுழைய வழிசெய்கிறது. பாஸ்பேட் விலகிப் போனதும் நொதி முன்பிருந்தபடியே அடுத்ததற்குத் தயார்.

இந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினரின் பெயரை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "ஆல்கலைன் பாஸ்படேஸ்" என்று ஒரு வரி வரும். பால் பண்ணைகளில், பால் சரியாகப் பதப்படுத்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பதும் பாலில் இயல்பாக உள்ள அதே நொதியைத்தான். சூட்டில் அது அழிந்திருந்தால் நோய்க்கிருமிகளும் அழிந்தன என்று பொருள். மண்ணில் இருப்பவை அதன் உறவினர்கள். சவ்வையும் டி.என்.ஏ.வையும் வெட்ட ஒரு வகை, அதில் கிடைத்த துண்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்ற இன்னொரு வகை. ஃபைட்டேட்டுக்கென்றே தனியாக ஃபைட்டேஸ் இருக்கிறது. அது ஆறு பாஸ்பேட்டுகளையும் ஒரே வெட்டில் எடுப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றும். ஃபைட்டேஸை 1907-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதலில் கண்டுபிடித்தது அரிசித் தவிட்டில் என்பது நம் ஊருக்குப் பொருத்தமான செய்தி. பயறு முளைகட்டும்போதும் இட்லி மாவு புளிக்கும்போதும் ஃபைட்டேட் குறைவது இதே வகை நொதிகளால்தான்.

வேர்களும் பாஸ்படேஸ் சுரக்கும். ஆனால் வேர் சுரப்பது அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்யும் வகையை மட்டும். காரச் சூழலுக்கான வகை மண்ணில் நுண்ணுயிர்களிடமிருந்தே வருகிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் கடற்கரை மணலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருக்கும். பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கடினம். ஊற்ற ஊற்ற மண்ணின் காரத்தன்மை ஏறும். அப்படிப்பட்ட மண்ணில் செடி நுண்ணுயிர்களை நம்பியிருப்பது இன்னும் அதிகம்.

நுண்ணுயிர்கள் ஏன் இந்த வேலையைச் செய்கின்றன? செடிக்காக அல்ல. ஃபைட்டேட், டி.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறுகள் பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. அதனால் நொதியை வெளியே அனுப்பி, அங்கேயே வெட்டி, கிடைத்த பாஸ்பேட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தெருவில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் போன்றது இது: சமைத்தவர் முதலில் சாப்பிட்டாலும், அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு கை கிடைத்துவிடும். வெளியே போன நொதிகளில் பல, மற்ற நுண்ணுயிர்களுக்கே இரையாகிவிடும். சில களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு, சுரந்த பாக்டீரியா செத்த பிறகும் கொஞ்சகாலம் வேலையைத் தொடரும்.

நொதி என்பது புரதம், புரதம் செய்ய நைட்ரஜன் செலவாகும். அதனால் தேவையில்லாமல் எந்த பாக்டீரியாவும் சுரப்பதில்லை. பல பாக்டீரியாக்களின் சவ்வில், வெளியே பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறது என்று கவனிக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அளவு குறைந்தால் பாஸ்படேஸ் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், கூடினால் அடங்கிவிடும். உலகின் பல பகுதிகளில் நடந்த உர ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றின் முடிவும் இதற்குப் பொருந்தியே வந்தது: நைட்ரஜன் இட்ட மண்ணில் பாஸ்படேஸ் கூடுகிறது, பாஸ்பேட் இட்ட மண்ணில் குறைகிறது. தொட்டிக்கு மாதாமாதம் ஒரு பிடி டி.ஏ.பி. (பாஸ்பேட் நிறைந்த ரசாயன உரம்) போடும் பழக்கத்தை நான் ஆதரிக்காததற்கு முதல் காரணம் இதுதான். சத்து தேவைப்படாத நேரத்திலும் டி.ஏ.பி. போய்க்கொண்டே இருந்தால், இருப்பைத் திறந்துவிடும் வேலை நின்றுபோகிறது.

மண்ணில் இந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1969-இல் மண் ஆய்வாளர்கள் தபதாபாயும் பிரெம்னரும் வகுத்த முறைதான் இன்றும் மண் ஆய்வகங்களில் அடிப்படை. ஒரு கிராம் மண்ணை ஒரு சின்னக் குடுவையில் எடுத்து, பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற நிறமற்ற கரைசலைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுக்கும். மிச்சம் பாரா நைட்ரோபீனால். பிறகு கால்சியம் குளோரைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து வடிகட்டினால், சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு நொதி. கரிமப் பொருள் மிகுந்த மேல்மண்ணில் நிறம் ஆழமாகவும், கீழே தோண்டத் தோண்ட வெளிறியும் வரும். கிண்டி தேசியப் பூங்காவில் சருகுக்கு அடியில் இருக்கும் கறுத்த மண்ணையும், கட்டட வேலைக்காகப் பள்ளம் தோண்டி மேலே கொட்டிய அடிமண்ணையும் அருகருகே வைத்து இப்படிச் சோதித்தால், எது எது என்று யாரும் சொல்லித்தரவேண்டியிருக்காது. நம்மில் பலர் வீடு கட்டி முடித்ததும் செடி வைப்பது அந்த இரண்டாவது மண்ணில்தான்.

சரி, நொதி வெட்டியாகிவிட்டது, பாஸ்பேட் வெளியே வந்துவிட்டது. அது வேருக்குப் போகுமா? உடனே போகும் என்று சொல்ல முடியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. முதல் பந்தியில் உட்காருபவை நுண்ணுயிர்கள். அவை பெருகும்போது தங்கள் உடம்புக்காகப் பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளும். அவற்றின் உடலில் சராசரியாக 60 பங்கு கார்பன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்ற விகிதம் இருக்கும். நாம் போடும் பொருளில் கார்பன் மிக அதிகமாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் இருந்தால், அதிலுள்ளது அவற்றுக்கே போதாது. மண்ணில் ஏற்கெனவே கரைந்திருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எடைக் கணக்கில், ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு 200 பங்குக்குக் கீழே கார்பன் இருந்தால் மண்ணுக்கு வரவு. 300-ஐத் தாண்டினால் செலவு. இடையில் பெரிதாக ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது.

தென்னை நார்க் கழிவை இந்தக் கண்ணோடு பாருங்கள். சென்னை மாடிகளில் பாதிப் பைகளாவது அதை நம்பித்தான் நிற்கின்றன. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், மாடிக்குப் பாரம் இல்லை, நல்ல பொருள்தான். ஆனால் கார்பன் மிக அதிகம், மணிச்சத்து மிகமிகக் குறைவு. எளிதில் சிதையாத மரப்பொருளான லிக்னின் நிறைந்திருப்பதால் மெதுவாகத்தான் மட்கும், எனவே இழுப்பும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மாதக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். மட்காத நார்க் கழிவில் கொஞ்சம் புண்ணாக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த வாரமே பூவை எதிர்பார்த்தால் கிடைக்காது. மட்கவைத்த நார்க் கழிவோ, அதோடு சரிபாதி மண்புழு உரமோ தொழுவுரமோ இருந்தால் கதையே வேறு. மண்புழுவின் குடல் வழியாகப் போய்வந்த எச்சத்தில் பாஸ்படேஸ் செயல்பாடு சுற்றியுள்ள மண்ணைவிட அதிகமாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

நுண்ணுயிரின் உடம்புக்குள் போன பாஸ்பரஸ் தொலைந்துபோவதில்லை. பாக்டீரியாவின் ஆயுள் குறுகியது. மண்ணின் ஈரப்படலத்தில் நீந்தும் ஓரணு உயிரிகளும் நுண்புழுக்களும் அவற்றை மேய்கின்றன. மேய்ந்தவைக்குத் தேவைக்கு மிஞ்சிய பாஸ்பேட் கழிவாக வெளியேறும். அது வேரின் ஓரத்தில் நடந்தால் வேருக்கு லாபம். வேர்ப்பூஞ்சை, அதாவது கடைகளில் வேம் (VAM) என்று விற்பது, தன் இழைகளை வேரின் காலி வளையத்துக்கு அப்பால் நீட்டி அதைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இன்னொரு வழி மழை. காய்ந்து கிடந்த மண்ணில் உயிரோடு எஞ்சிய நுண்ணுயிர்கள், வறட்சியைத் தாங்கத் தங்கள் உடலுக்குள் உப்புகளையும் சர்க்கரை போன்ற பொருள்களையும் சேர்த்துவைத்திருக்கும். திடீரென்று தண்ணீர் விழுந்தால் அது உள்ளே பாய்ந்து பலவற்றின் சவ்வு வெடித்துவிடும். உள்ளே இருந்த பாஸ்பரஸ் மண்நீரில் கலக்கும். காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்ச் செயல்பாடு பீறிடுவதை 1958-இல் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் பதிவுசெய்தவர் பிர்ச் என்ற ஆய்வாளர். இங்கிலாந்து, வேல்ஸ் புல்வெளி மண்களில், இப்படிக் காய்ந்து நனையும்போது நீரில் கரையும் பாஸ்பரஸ் கூடுவதையும், கூடுவதில் பெரும்பகுதி கரிம வடிவில் இருப்பதையும் ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நம் உழவர்கள் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன். ஆனால் மாடித் தொட்டிக்கு இதை முறையாக ஆக்கிவிடாதீர்கள். கத்திரி வெயிலில் மாடிப் பை திரும்பத் திரும்பக் காய்ந்தால், ஒவ்வொரு முறையும் வெடிக்க ஆள் மிச்சமிருக்காது. நொதி நகரவும் வெட்டவும் ஈரம் வேண்டும்.

கடையில் கிடைக்கும் பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் முக்கிய வேலை, கரிம அமிலங்களைச் சுரந்து கால்சியத்தோடு கட்டுண்ட பாஸ்பேட்டைக் கரைப்பது. எலும்புத் தூளில் இருப்பது அந்த வகை; அதற்கு நொதி தேவையில்லை, அமிலம்தான் தேவை. காரத்தன்மை உள்ள மண்ணில் எலும்புத் தூள் மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதும் அதனால்தான். புண்ணாக்குக்கு வேண்டியது நொதி. பாஸ்போபாக்டீரியாவில் வரும் இனங்களில் சில இரண்டையும் செய்யும். ஆனால் எதைப் போட்டாலும் அது தின்று வாழக் கரிமப் பொருளும் ஈரமும் இல்லாத பையில் நிலைக்காது. பாக்கெட்டை வெறும் மணலில் கொட்டுவதைவிட, மட்கிய தொழுவுரத்தில் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துப் போடுவது நல்லது.

ஆக, தொட்டிக்கு என்ன செய்யலாம்? மண்ணின் மேல் சருகு மூடாக்கு போடுங்கள். தெருவில் புங்கையும் வேம்பும் உதிர்ப்பதே போதும். புண்ணாக்கைப் பூ வரும் நேரத்தில் அவசரமாக ஊற்றாமல், சில வாரங்கள் முன்பே தூளாக மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். அதிலுள்ள தழைச்சத்து நொதி செய்யவும் உதவும். அடுப்புச் சாம்பலை அதோடு ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம், அது காரம்.

தென்னை நார் மட்டுமே நிரப்பிய பைகளுக்கு இன்னொரு கவனம் தேவை. நாருக்கும் கடற்கரை மணலுக்கும் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. நவம்பரில் ஒரு நாள் அடித்துப் பெய்தால், வெட்டி விடுவிக்கப்பட்ட பாஸ்பேட் பையின் அடித்துளை வழியாகவே வெளியே போய்விடும். கலவையில் ஐந்தில் ஒரு பங்காவது செம்மண் சேர்த்தால், அதிலுள்ள இரும்பு அதில் கொஞ்சத்தைப் பிடித்து நிறுத்தும். அளவு மிஞ்சினால் அதே இரும்பு ஃபைட்டேட்டையும் இறுக்கிக்கொள்ளும் என்பதால் பாதிக்கு மேல் செம்மண் போடுவதை நான் சொல்லமாட்டேன். அண்ணா நகர், மாம்பலம் போலக் களிமண் உள்ள பகுதிகளில் தரையிலேயே செடி வைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு வேண்டியது காற்றோட்டம். மழைநீர் நாள்கணக்கில் தேங்காமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட்டு, மேலே மட்கைப் பரப்பினால் போதும்.